பச்சை மனிதனுக்குப் பி மைனஸ்

ஆங் லீ இயக்கிய ‘ஹல்க்’ அமெரிக்காவில் 2003 ஜூன் 20-ஆம் தேதி வெளியானது. முதல் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளில் மட்டும் 6 கோடியே 20 லட்சம் டாலர் வசூல். ஜூன் மாதத்தில் வெளியான எந்தப் படமும் அதுவரை அப்படித் தொடங்கியதில்லை. அடுத்த வார மூன்று நாளில் அதே படத்துக்கு வந்தது 1 கோடியே 90 லட்சத்துக்கும் குறைவு. ஏறக்குறைய 70 சதவீதம் சரிவு. முதல் வாரம் பார்த்தவர்கள் வெளியே வந்து நண்பர்களிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று தனியாக விசாரிக்கத் தேவையில்லை.

விசாரித்தும் இருக்கிறார்கள். லாஸ் வேகாஸில் சினிமாஸ்கோர் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. 1979-லிருந்து அதற்கு இதுதான் வேலை. படம் வெளியாகும் நாளன்று தியேட்டருக்கு வருகிறவர்களிடம் ஒரு அட்டையைக் கொடுத்து மதிப்பெண் போடச் சொல்வார்கள். ஏ பிளஸில் ஆரம்பித்து எஃப் வரை. முதல் நாளே முண்டியடித்து வருகிறவர்கள் பெரும்பாலும் ரசிகர்கள் என்பதால் கை தாராளமாகவே இருக்கும். ஏ வரிசைக்குக் கீழே போனாலே தயாரிப்பாளர்கள் கவலைப்படுவார்கள். ‘ஹல்க்’ வாங்கியது பி மைனஸ்.

வெளியான நாளிலிருந்தே எனக்குப் பிடித்த படம் இது. நான் படத்தொகுப்பு வேலை செய்கிறவள். என்னிடம் உதவியாளராகச் சேருகிற பிள்ளைகளுக்கு எடிட் அறையில் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுவது வழக்கம். பாதி பேர் அரை மணி நேரத்தில் நெளிய ஆரம்பித்துவிடுவார்கள். “அக்கா, ஹீரோ எப்ப வருவாரு?” என்று ஒரு பையன் கேட்டான். எரிக் பானா அத்தனை நேரமும் திரையில்தான் இருந்தார். பையன் கேட்டது பச்சை உருவத்தை. அதே வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் படம் முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு, “அவன் அடிக்கிறப்பகூட அழுவுற மாதிரியே இருக்குக்கா” என்றாள். 2003-ல் அமெரிக்கப் பார்வையாளர்கள் இரண்டாகப் பிரிந்ததும் இதே கோட்டில்தான்.

ஹல்க் பிறந்தது 1962-ல். ஸ்டான் லீ எழுத, ஜாக் கிர்பி வரைந்த காமிக்ஸ். ஃபிராங்கன்ஸ்டைன் கதையையும் ஜெகில்–ஹைட் கதையையும் மனத்தில் வைத்துச் செய்ததாக ஸ்டான் லீ சொல்லியிருக்கிறார். கிர்பி சொன்ன காரணம் வேறு. காருக்கு அடியில் சிக்கிய குழந்தையை மீட்க ஒரு தாய் காரையே தூக்கியதைப் பார்த்ததாகவும், அங்கிருந்துதான் தனக்கு ஹல்க் கிடைத்தான் என்றும் அவர் ஒரு பேட்டியில் சொன்னார். முதல் இதழில் ஹல்க் சாம்பல் நிறம். அச்சில் அந்தச் சாம்பல் பக்கத்துக்குப் பக்கம் மாறியதால் அடுத்த இதழிலிருந்து பச்சையாக்கிவிட்டார்கள். அந்த முதல் வரிசை ஆறே இதழில் நின்றுபோனது. பார்க்கவே பயமாயிருக்கிற ஒருவனை நாயகனாக ஏற்க வாசகர்களுக்கு அன்றும் அவகாசம் தேவைப்பட்டது. எழுபதுகளின் கடைசியில் தொலைக்காட்சித் தொடர் வந்த பிறகுதான் ஹல்க் வீட்டுக்கு வீடு தெரிந்தவனானான். அதில் விஞ்ஞானியாக பில் பிக்ஸ்பி, உடம்பெல்லாம் பச்சைச் சாயம் பூசிய ஹல்க்காக லூ ஃபெரிக்னோ. ஆங் லீயின் படத்தில் ஸ்டான் லீயும் ஃபெரிக்னோவும் காவலாளிகளாக ஒரு காட்சியில் வந்து போகிறார்கள்.

காமிக்ஸில் காமா குண்டு வெடிப்பில் சிக்கி விஞ்ஞானி அரக்கனாகிறான். ஆங் லீயும் அவருடைய நெடுங்காலக் கூட்டாளி ஜேம்ஸ் ஷேமஸும் அந்தக் காரணத்தை இன்னும் பின்னால் கொண்டுபோனார்கள். அப்பா டேவிட் பேனர், ராணுவ ஆய்வகத்தில் தன் உடம்பிலேயே சோதனை செய்துகொண்டவர். மாற்றம் மகனுக்கு ரத்தத்தில் இறங்குகிறது. பயந்துபோன அப்பா மகனைக் கொல்லக் கத்தி எடுக்கிறார். குறுக்கே வந்த அம்மா சாகிறாள். மகன் புரூஸுக்கு எல்லாம் மறந்துபோகிறது. மிஞ்சுவது ஒரு மூடிய கதவு மட்டும். படம் முழுக்க அந்தக் கதவு திரும்பத் திரும்ப வரும். அதற்குப் பின்னால் என்ன நடந்தது என்று கடைசிப் பகுதியில்தான் தெரியும்.

பார்வையாளர்களின் முதல் புகார் இதுதான்: ஹல்க் திரையில் வருவதற்கு 40 நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. ஆமாம், ஆகிறது. அந்த நேரத்தில்தான் புரூஸ் எப்படிப்பட்டவன் என்று படம் நமக்குக் காட்டுகிறது. காதலித்துப் பிரிந்த பெட்டியிடம்கூட ஒரு வார்த்தை உரக்கப் பேசாதவன். எரிக் பானா முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு நடித்ததை ‘மரக்கட்டை’ என்று திட்டினார்கள். உள்ளே ஒன்று புகுந்து நிற்பதை வெளியே காட்டாமல் இருக்கப் பாடுபடுகிறவனின் முகம் அப்படித்தான் இருக்கும். பெட்டியாக நடித்த ஜெனிஃபர் கானலியைக் குறை சொன்னவர்கள் குறைவு. அவர் கண்களில் தெரிந்த இரக்கம்தான் பலரைப் படத்தோடு கட்டிவைத்தது.

இரண்டாவது புகார் கிராஃபிக்ஸ். “ரப்பர் பொம்மை” என்றார்கள், “ஷ்ரெக்கின் அண்ணன்” என்றார்கள். இந்த எண்ணம் படம் வருவதற்கு முன்பே உருவாகிவிட்டது. அந்த ஜனவரியில் சூப்பர் பவுல் ஆட்டத்தின் இடையில் ஒரு முன்னோட்டம் ஒளிபரப்பினார்கள். ஹல்க் அரைவேக்காட்டில் இருந்தான். வெளியீட்டுக்குச் சில நாள் முன்பு முழுமையடையாத பிரதி ஒன்று இணையத்தில் கசிந்து, அதைப் பார்த்தவர்களும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். போதாக்குறைக்கு 2002 டிசம்பரில் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ இரண்டாம் பாகத்தில் கிராஃபிக்ஸில் உருவான கோலம் வந்து எல்லோரையும் அசத்தியிருந்தான். பக்கத்தில் வைத்து ஒப்பிட அவன் தயாராக இருந்தான்.

ஐஎல்எம் என்ற கிராஃபிக்ஸ் நிறுவனத்தில் டென்னிஸ் ம்யூரன் தலைமையில் ஹல்க்கை உருவாக்கினார்கள். கோபம் ஏற ஏற அவன் 9 அடி, 12 அடி, 15 அடி என்று வளர வேண்டும். அசைவுகளுக்காக ஆங் லீயே மோஷன் கேப்சர் உடையை மாட்டிக்கொண்டு நடித்தார். பாலைவனத்தில் கொளுத்தும் வெயிலில் ஒரு பச்சை உடம்பைக் காட்டுவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். இருட்டும் மழையும் எத்தனையோ குறைகளை மறைத்துக் கொடுக்கும். வெயில் எதையும் மறைக்காது. ஹல்க் அங்கே டாங்கி ஒன்றைப் பீரங்கிக் குழலைப் பிடித்துச் சுழற்றி வீசுகிறான். பிறகு மைல் கணக்கில் தாவிப் போகிறான். தாவலின் நடுவில், முகத்தில் காற்று அடிக்கும்போது, கண்ணை மூடிக்கொள்கிறான். மொத்தப் படத்திலும் அவன் நிம்மதியாக இருப்பது அந்தச் சில நொடிகள்தான். அதைப் பார்த்தும் ரப்பர் பொம்மை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரவில், மரக்கூட்டத்துக்குள், அப்பா ஏவிவிட்ட நாய்களோடு அவன் மோதும் காட்சி மட்டும் எனக்கும் சரிப்படவில்லை. மூன்றில் ஒரு நாய் பூடில் வேறு. தியேட்டரில் சிரிப்பு வந்ததில் நியாயம் உண்டு.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட புகார். திரையைக் காமிக்ஸ் பக்கம் மாதிரிக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டுவது கண்ணை உறுத்துகிறது என்று நிறையப் பேர் சொன்னார்கள். படத்தொகுப்பாளர் டிம் ஸ்குவைர்ஸ், ஆங் லீயின் பெரும்பாலான படங்களை வெட்டியவர். சாதாரணமாக நாங்கள் ஒருவர் பேசுவதைக் காட்டி, வெட்டி, கேட்பவரின் முகத்துக்குப் போவோம். யார் முகத்தை எப்போது பார்க்க வேண்டும் என்பதை நாங்களே முடிவு செய்கிறோம். ஸ்குவைர்ஸ் அந்த இரண்டு முகத்தையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஹெலிகாப்டர் வந்து இறங்குவதை நாலு கோணத்தில் நாலு கட்டத்தில் ஓடவிட்டார். ஒரு கட்டம் நகர்ந்து இன்னொன்றைத் தள்ளும். ஒன்று பெருத்து மற்றதை விழுங்கும். எதைப் பார்ப்பது என்று கண் தானே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. காமிக்ஸ் படிக்கும் குழந்தை செய்வதும் இதுதான். வில்லன்களில் ஒருவனான டால்பட் சுட்ட குண்டு திரும்பி அவனையே தாக்கும் இடத்தில் படம் அப்படியே உறைந்து, தீப்பிழம்பின் முன் அவன் கறுத்த கோட்டோவியமாக நிற்பதைப் பாருங்கள். காமிக்ஸைத் தழுவிய படங்கள் நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன. காமிக்ஸின் பக்கத்தையே தழுவிய படம் என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். சில இடங்களில் தேவையில்லாமலும் செய்திருக்கிறார்கள். இரண்டு பேர் சும்மா பேசிக்கொண்டு நிற்கும்போது அது இடைஞ்சல்தான்.

விமர்சகர்கள் பார்வையாளர்கள் அளவுக்குக் கைவிடவில்லை. ரோஜர் ஈபர்ட் நாலுக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தார். 2018-ல் ‘வெனம்’ வந்தபோது எல்லாம் தலைகீழ். விமர்சகர்களில் பெரும்பாலோர் கழுவி ஊற்றினார்கள், படம் உலகம் முழுக்க 85 கோடி டாலரைத் தாண்டியது. வெனமும் கோரமானவன்தான், ஆளையே தின்கிறவன். ஆனால் நாயகனுக்குள் இருந்துகொண்டு வாயாடுகிறான், சிரிக்க வைக்கிறான். 2004-இல் வந்த ‘ஹெல்பாய்’ நரகத்திலிருந்து வந்தவன், கொம்பை அரம் போட்டுத் தேய்த்துக்கொண்டவன். அவனும் சுருட்டும் பூனைகளுமாகப் பக்கத்து வீட்டு ஆள் போல் இருந்ததால் மனத்துக்கு நெருக்கமானான். அரக்கன் நம்மோடு பேசினால் போதும், எதையும் மன்னிக்கிறோம். ஆங் லீயின் ஹல்க் ஓரிரு வார்த்தைக்கு மேல் பேசவே மாட்டான்.

பார்வையாளர்களின் புகார் ஒவ்வொன்றுக்கும் பதிலாக 2008-ல் இன்னொரு படமே எடுத்தார்கள். எட்வர்ட் நார்ட்டன் நடித்த ‘தி இன்கிரெடிபிள் ஹல்க்’. முன்கதை டைட்டில் ஓடும்போதே முடிந்துவிடுகிறது. அப்பா இல்லை, மூடிய கதவு இல்லை. ஹல்க்குக்கு இணையான உருவத்தில் ஒரு வில்லன், ஹார்லெம் தெருவில் இரண்டு பேருக்கும் மல்யுத்தம். கேட்டதெல்லாம் கிடைத்தது. உலக வசூல் சுமார் 26 கோடி டாலர். ஆங் லீயின் படம் வசூலித்தது சுமார் 24 கோடியே 50 லட்சம். இரண்டுக்கும் அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் இல்லை. நீளமும் சோகமும்தான் ஆளை விரட்டின என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஹல்க்குக்கு உண்மையில் கைதட்டல் கிடைத்தது 2012-ல், ‘அவெஞ்சர்ஸ்’ படத்தில். வில்லன் லோகியைக் காலைப் பிடித்துத் தூக்கித் தரையில் மாறி மாறி அடிக்கிறானே, அந்த இடத்தில் தியேட்டர்கள் அதிர்ந்தன. சினிமாஸ்கோர் ஏ பிளஸ். எனக்கும் அந்தக் காட்சி பிடிக்கும். ஆனால் அங்கே அவனுடைய கோபத்துக்கு ஒரு எதிரியைக் கொடுத்துவிட்டார்கள். அடிபடுகிறவன் அடிபட வேண்டியவன். ஆங் லீயின் படத்தில் கோபம் யார்மேல் என்றால், பெற்ற அப்பன்மேல். அதற்கு எப்படிக் கைதட்டுவது?

அந்தப் படத்தின் உச்சம் எனக்கு சான் ஃபிரான்சிஸ்கோ காட்சிதான். பாலத்தில் மோத வந்த போர் விமானத்தைத் தடுக்க அதன்மேல் தாவி, காற்று மெலிந்த உயரம்வரை போய் உறைந்து விழுந்தவன், நகரத்தின் தெருவைப் பிளந்துகொண்டு மேலே வருகிறான். சுற்றிலும் துப்பாக்கிகள். பெட்டி மட்டும் மெதுவாக நடந்து அவனிடம் போகிறாள். அவன் அவளைப் பார்க்கிறான், மண்டியிடுகிறான், சுருங்குகிறான். அத்தனை பெரிய உடம்பு அவள் கைக்குள் அடங்குகிற அளவுக்குச் சிறுத்து, நனைந்துபோன ஒரு மனிதனாகிறது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. அங்கேயே படத்தை முடித்திருக்கலாம் என்றுகூடத் தோன்றும். அடுத்து அப்பாவும் மகனும் நாடக மேடை மாதிரி விளக்கு வெளிச்சத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சி இருக்கிறது. அப்பாவாக நிக் நோல்டி வெறி பிடித்தவர்போல் நடித்திருப்பார். அது வேண்டும். அதன்பின் மேகத்திலும் ஏரியிலும் நடக்கும் சண்டையில் யார் எங்கே இருக்கிறார்கள் என்றே புரிவதில்லை. பார்வையாளர்களின் இந்தக் கடைசிப் புகாரில் என் கையெழுத்தும் உண்டு.

படம் முடிந்தபோது ஆங் லீ ஓய்ந்துபோயிருந்தார். சினிமாவையே விட்டுவிடலாம் என்று நினைத்ததாகப் பின்னாளில் சொன்னார். விடாதே என்று சொன்னவர் அவருடைய அப்பா. தைவானில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர், மகன் சினிமாவுக்குப் போனதை அதுவரை மனசாற ஏற்காதவர். 2004-ல் அவர் இறந்தார். அடுத்து ஆங் லீ எடுத்த ‘புரோக்பேக் மவுண்டன்’ அவருக்குச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கரை வாங்கித் தந்தது. புதுச்சேரியில் ஒரு பகுதி படமாக்கப்பட்ட ‘லைஃப் ஆஃப் பை’ இரண்டாவது ஆஸ்கரைத் தந்தது. அதிலும் டிம் ஸ்குவைர்ஸ்தான் படத்தொகுப்பு.

சூப்பர்ஹீரோ படம் பார்த்து அலுத்துப்போனவர்கள் ‘ஹல்க்’ பக்கம் ஒரு முறை வாருங்கள். 138 நிமிஷம். பச்சை மனிதன் வருகிறவரை கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த மூடிய கதவை மட்டும் கவனித்துக்கொண்டிருங்கள்.