மொட்டை மாடி ஓனருக்கு, சூடு யாருக்கு?

பங்குனி பிறந்துவிட்டால் சென்னைத் தெருக்களில் ‘டு லெட்’ அட்டைகள் கூடிவிடும். முழு ஆண்டுத் தேர்வு முடிந்து, ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வீடு மாற்றியாக வேண்டும். ஆனியிலும் ஆடியிலும் புது வீட்டில் பால் காய்ச்சப் பலருக்கு மனம் ஒப்பாது. அதனால் பழைய குடித்தனம் காலி செய்வதும் புதியவர்கள் சாமான் இறக்குவதும் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான். இடைப்பட்ட சில நாட்களில் ஹவுஸ் ஓனர்கள் செய்யும் வேலைகள் ஊரறிந்தவை. சுவருக்கு ஒரு கோட்டிங் பெயின்ட், ஒழுகும் குழாய்க்குப் புது வாஷர், வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு. வீடு பளிச்சென்று ஆகிவிடும். ஆனால், வெயிலுக்கு அது தயாரா?

பெரும்பாலான வீடுகளில் இல்லை. அதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல, ஒரு கணக்கும் இருக்கிறது. மொட்டை மாடி ஓனருடையது. அதற்குச் செலவு செய்ய வேண்டியவர் அவர். அந்தச் செலவால் குளிர்ச்சி பெறுபவரும், கரண்ட் பில்லில் மிச்சம் பிடிப்பவரும் கீழே குடியிருப்பவர். ‘எனக்கென்ன லாபம்?’ என்கிறார் ஓனர். ‘பதினோரு மாச அக்ரிமென்ட்டில் இருக்கிற நான் அடுத்தவர் கூரைக்கு ஏன் பணம் போடணும்?’ என்கிறார் குடித்தனக்காரர். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இருவருக்கும் நடுவில் கூரை காய்கிறது.

கூரையிலிருந்து தொடங்குவோம்

2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அப்படிப்பட்ட நாள் அபூர்வம்தான். ஆனால் 38, 40 டிகிரியே மாடி போர்ஷனை அடுப்பாக்கப் போதும். கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்து, அதைச் சில மணி நேரம் கழித்துத்தான் கீழே இறக்குகிறது. வெளியே கடல்காற்று வீசும் நேரத்தில் உள்ளே சீலிங் ஃபேன் அனலைக் கொட்டுவது அதனால்தான். காலை பத்து மணிக்கு வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்தவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மாடி வீடு பார்ப்பவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் போய், சுவரின் மேல்பகுதியைத் தொட்டுப் பார்ப்பது நல்லது.

பழைய மெட்ராஸ் வீடுகளில் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்தார்கள். சூட்டையும் மழையையும் ஒருசேரத் தாங்கிய ஏற்பாடு அது. செலவைக் குறைக்க அதை விட்டுவிட்டு வெறும் சிமென்ட் பூச்சோடு நிறுத்திய கட்டடங்களில்தான் இன்று தவிப்பு அதிகம்.

இவற்றுக்கு எளிய வழி வெள்ளை. ஏழை வைத்தியம் சுண்ணாம்பு. பசை கலந்து இரண்டு முறை அடித்தால் ஒரு கோடைக்கு உழைக்கும், மழையில் கரைந்துவிடும். வெயிலைத் திருப்பி அனுப்பும் ‘கூல் ரூஃப்’ பெயின்ட் சில ஆண்டுகள் நிற்கும். தளத்தைத் தேய்த்துக் கழுவி, விரிசல்களை அடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே அடிக்க வேண்டும். தூசி படிந்தால் பலன் குறையும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை கழுவுவதும் அவசியம். அறையின் வெப்பம் 2 முதல் 5 டிகிரி வரை குறையும் என்பது அகமதாபாத் போன்ற நகரங்களின் அனுபவம். தெலங்கானா அரசு 2023-ல் இதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. தமிழ்நாடு அரசும் 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது.

‘எனக்கென்ன லாபம்?’ என்ற கேள்விக்கும் இதில் பதில் உண்டு. வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் தளம்தான் விரிசல் விடுகிறது. அந்த விரிசல்தான் ஐப்பசி மழையில் ஒழுகுகிறது. பூச்சுக்கு முன் விரிசலை அடைப்பதால், கோடைக்குச் செய்த செலவு வடகிழக்குப் பருவமழைக்கும் சேர்த்துச் செய்ததாகிவிடும்.

கரண்ட்: ஒயருக்கும் பில்லுக்கும்

ஃபேனும் டியூப் லைட்டும் மட்டும் இருந்த காலத்தில் இழுத்த ஒயரில் இன்று ஏசி ஓடுகிறது. ஒன்றரை டன் ஏசிக்குத் தனி லைன், தனி எம்.சி.பி., சரியான எர்த் மூன்றும் வேண்டும். அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்கள் அதற்கு 4 ஸ்கொயர் காப்பர் ஒயரைத்தான் இழுப்பார்கள். பவர் ப்ளக் பழுப்பேறியிருந்தாலோ, கை வைத்தால் சுட்டாலோ அது எச்சரிக்கை. மின்கசிவில் உயிரைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்ற சின்னப் பெட்டி. அது இருக்கிறதா, அதிலுள்ள ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று குடிவரும் நாளிலேயே பார்த்துவிடலாம்.

அடுத்தது பில். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுகளுக்கு மட்டும் கட்டணம் ஏறுவதில்லை. கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகையும் குறைந்துவிடும். ஒன்றரை டன் ஏசி இரவுக்கு எட்டு யூனிட் எடுத்தால், இரண்டு மாதத்தில் அது மட்டுமே 480. ஃபிரிட்ஜ், மோட்டார், மிக்ஸி எல்லாம் அதற்கு மேல். ஃபில்டரைக் கழுவி, கோடைக்கு முன் சர்வீஸ் செய்த ஏசிக்கு இந்தச் சுமை குறையும். வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். கூரை குளிர்ந்திருந்தால்தான் 26-ல் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியும்.

சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலை என்று வசூலிக்கும் வீடுகளில், அந்த விலை என்ன, இலவச யூனிட் யாருக்குப் போகிறது என்பதைக் குடிவருமுன் கேட்டுவிட வேண்டும். மே மாத பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் சண்டையில்தான் முடியும்.

தண்ணீர்

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த ஆண்டு லாரித் தண்ணீருக்கு யார் பணம் கொடுப்பது என்பதில் உறவு முறிந்த வீடுகள் உண்டு. இந்த ஒரு விஷயத்தை எழுதி வைத்துக்கொண்டாலே பாதிப் பிரச்னை தீரும்.

சம்ப்பையும் மேல்நிலைத் தொட்டியையும் மார்ச்சிலேயே கழுவிவிட வேண்டும். தொட்டி மூடி உடைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். டெங்கு கொசு முட்டையிடுவது நல்ல தண்ணீரில்தான். போர்வெல் நீர்மட்டம் இறங்கும் காலம் என்பதால், தண்ணீரில்லாமல் ஓடும் மோட்டார் தானே நிற்கும் வசதி இருந்தால் காயில் எரியாது. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். பல வீடுகளில் குழாய் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது; குழி மண் மூடிக் கிடக்கிறது. அதைத் தோண்டி ஜல்லி மாற்ற ஏற்ற காலம் கோடைதான்.

யார் செலவு?

தமிழ்நாட்டில் வாடகைக்கென 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் இருக்கிறது. பராமரிப்பு வேலைகளை அது இருவருக்கும் பிரித்தே கொடுக்கிறது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, ஒயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், ஜன்னல் வலை போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. வாடகைத் தகராறு எதுவானாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் உரிமையாளர் நிறுத்தக் கூடாது.

ஆனால் தளம் ஒழுகினால் பழுது, சூடு இறங்கினால்? சட்டத்தின் பட்டியலில் அதற்குத் தனி வரி கிடையாது. இருவரும் பேசித்தான் தீர்க்க வேண்டும். நடைமுறையில் எடுபடும் வழிகள் இரண்டு உண்டு. பெயின்ட் செலவை ஓனர் ஏற்று, குடித்தனக்காரர் இரண்டு ஆண்டுக்கு அக்ரிமென்ட் போடலாம். அல்லது குடித்தனக்காரர் செலவழித்து, மாதாமாதம் வாடகையில் கழித்துக்கொள்ளலாம். எதுவானாலும் பேச்சோடு நிற்காமல் எழுத்தில் இருக்கட்டும்.

ஓனர்கள் இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். சூடு தாங்காமல் ஒரு குடும்பம் காலி செய்தால், அடுத்தவர் வரும்வரை வீடு பூட்டிக் கிடக்கும் நாட்களுக்கு வாடகை இல்லை. புரோக்கர் கமிஷன், மறுபடி பெயின்ட் எல்லாம் அதற்கு மேல். சின்ன மொட்டை மாடிக்கு இரண்டு கோட்டிங் அடிக்கும் செலவு பல வீடுகளில் இதற்குள் அடங்கிவிடும். வாடகை தவறாமல் தருகிற ஒரு குடும்பம் மூன்றாவது கோடையையும் அதே வீட்டில் கழித்தால், அந்தப் பெயின்ட் பணம் ஓனருக்கு என்றோ திரும்பி வந்திருக்கும்.