இருமல் சொல்லும் செய்தி

பத்தாம் வகுப்பு மாணவி



எங்கள் தாத்தா மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர். பீடி குடிப்பார். அவருடைய இருமல் எங்கள் வீட்டில் கடிகாரச் சத்தம் போலப் பழகிப் போயிருந்தது. அதனால் அது மாறியபோது யாரும் கவனிக்கவில்லை. கடையில் வாங்கிய இருமல் மருந்திலேயே நான்கு மாதங்கள் கழிந்தன. பிறகுதான் அது நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. எங்களுக்கு நேர்ந்தது பிறருக்கு நேரக்கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

அறிகுறிகள்

மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், பழைய இருமலில் மாற்றம், சளியில் இரத்தம், மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி, குரல் கம்முதல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை முக்கியமானவை. இவற்றுள் பல காசநோய்க்கும் உரியவை. எக்ஸ்ரே படத்திலும் இரண்டும் நிழலாகவே தெரியலாம். ஆகவே சளிப் பரிசோதனை அவசியம். காசநோய் மருந்து உண்டும் குணம் தெரியாவிட்டால் மருத்துவரிடம் மீண்டும் செல்ல வேண்டும்.

கண்டறியும் முறை

1895-இல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்ரே கதிர்தான் முதற்படி. அடுத்து சி.டி. ஸ்கேன் கட்டியின் இடத்தையும் அளவையும் காட்டும். ஆனால் நிழலைக் கண்டு மட்டும் புற்றுநோய் என்று முடிவு செய்ய முடியாது. மூச்சுக்குழல் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தியோ, வெளியிலிருந்து ஊசி மூலமோ சிறு சதைத் துணுக்கை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இதுவே பயாப்சி.

நான்கு நிலைகள்

கட்டி எவ்வளவு பெரியது? நெறிகளுக்குப் பரவியுள்ளதா? தொலைவிலுள்ள உறுப்புகளுக்குச் சென்றுவிட்டதா? இம்மூன்று கேள்விகளைக் கொண்டு நோயை அளக்கும் முறையை, பிரெஞ்சு மருத்துவர் பியர் தெனுவா 1943-க்கும் 1952-க்கும் இடையில் வகுத்தார். முதல் நிலையில் சிறு கட்டி நுரையீரலுக்குள்ளேயே இருக்கும். இரண்டாம் நிலையில் கட்டி பெரிதாகியிருக்கும் அல்லது அருகிலுள்ள நெறிகளைத் தொட்டிருக்கும். மூன்றாம் நிலையில் நடு நெஞ்சின் நெறிகளுக்கோ பக்கத்து உறுப்புகளுக்கோ பரவியிருக்கும். நான்காம் நிலையில் மூளை, எலும்பு, கல்லீரல் போன்ற இடங்களை எட்டியிருக்கும். முதலிரு நிலைகளில் பெரும்பாலும் அறுவை சிகிச்சை செய்து குணம் காண வாய்ப்புண்டு. தாத்தாவுக்குத் தெரிந்ததோ நான்காம் நிலையில்.

முடிவுரை

நமக்கு அருகே கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை உள்ளது. அங்கே 2002 முதல் மண்டலப் புற்றுநோய் மையமும் இருக்கிறது. தூரம் ஒரு தடையன்று, அலட்சியமே தடை. புகை பிடிக்காதவர்களுக்கும் இந்நோய் வரலாம். பிறர் விடும் புகையும் விறகடுப்புப் புகையும் கூடக் கெடுதி செய்யும். எனினும் முதற் காரணம் புகையிலையே. 1950-இல் இலண்டனில் பிராட்ஃபோர்டு ஹில்லுடன் சேர்ந்து இதை ஆராய்ந்த ரிச்சர்டு டால், முடிவைக் கண்டதும் தாமே புகைப்பதை விட்டுவிட்டாராம்.

தோழியரே, வீட்டில் யாராவது நெடுநாள் இருமினால் அன்போடு கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்த ஆண்டு மலரை என் அப்பாவும் படிப்பார். அவரும் புகை பிடிப்பவர்தான். அப்பா, இது உங்களுக்காகவும் எழுதியது.