தண்ணீரில் விட்ட வலைக்கும் விலை உண்டு!

அறுந்து தண்ணீருக்குள் விழுந்த வலை, மீன் பிடிப்பதை நிறுத்துவதில்லை. யாரும் இழுக்காமலே இறாலையும் நண்டையும் சிக்கவைத்துச் சாகடித்துக்கொண்டே கிடக்கும். அதனால்தான் இதற்குப் 'பேய் வலை' என்று பெயர். அந்தக் காலத்துப் பருத்தி வலை என்றால் மக்கிப்போகும். இன்றைய நைலான் வலை லேசில் மக்காது.

சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. காட்டூர் வட்டாரத்து மீனவர்களின் உலையில் அரிசி கொதிப்பது இந்த ஏரியை நம்பித்தான். தண்ணீரில் சேரும் ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் அந்தப் பிழைப்பில்தான் கைவைக்கிறது.

சரி, தண்ணீருக்குள் கிடப்பதை யார் எடுப்பது, எடுத்து என்ன செய்வது?

கொல்லம் காட்டிய வழி

கேரளத்தின் கொல்லம் மாவட்டம், சக்திகுளங்கரை துறைமுகம். 2017-ல் இங்கே 'சுசித்வ சாகரம்' திட்டம் தொடங்கியது. படகுக்குப் பை கொடுத்தார்கள். வலையில் மீனோடு வரும் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கடலில் வீசாமல், மீனவர்கள் அந்தப் பையில் கட்டிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பெண்கள் அதைக் கழுவி, தரம் பிரித்து, இயந்திரத்தில் போட்டுத் துகளாக்கினார்கள். அந்தத் துகள் ரோடு போடப் போனது.

மதுரையில் பிறந்த தொழில்நுட்பம்

பிளாஸ்டிக் ரோடு நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கியது. இதற்காக 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

செய்முறை எளிது. சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியில் பிளாஸ்டிக் துகளைத் தூவினால், உருகி ஜல்லிமேல் பூச்சாகப் படிந்துவிடும். பிறகு தார் கலக்கிறார்கள். மழைநீர் எளிதில் உள்ளே இறங்காது என்பதால் குண்டும் குழியும் குறையும்.

ஆனால் எல்லாப் பிளாஸ்டிக்கும் இதற்கு ஆகாது. கேரி பேக் சரி. பி.வி.சி. கூடவே கூடாது, சூட்டில் நச்சுப்புகை வரும். வலை நைலானும் ரோட்டுக்குச் சேராது, அது உருக 220 டிகிரி வேண்டும். தரம் பிரிக்கும் கைகளில்தான் பாதி வேலை இருக்கிறது.

வலையிலிருந்து மறுபடியும் நூல்

நைலானுக்கு வேறு வழி உண்டு. இத்தாலியின் அக்வாஃபில் நிறுவனம், பழைய வலைகளை ரசாயன முறையில் மூலப்பொருளாகப் பிரித்து மீண்டும் புது நூலாக்குகிறது. ஸ்லோவேனியாவில் 2011 முதல் இந்த ஆலை இயங்குகிறது. நீச்சல் உடையும் தரை விரிப்பும் அந்த நூலில் தயாராகின்றன.

தமிழ்நாட்டிலும் பழைய வலைகளை மீனவர்களிடம் காசு கொடுத்து வாங்கும் மையம், சென்னை காசிமேட்டில் அரசு முயற்சியில் வந்திருக்கிறது.

பழவேற்காட்டுக்கு என்ன தேவை?

இயந்திரத்தைவிட முதலில் வேண்டியது, கிராமத்துக்குப் பக்கத்திலேயே எடை போட்டுக் கையில் காசு தரும் ஓர் இடம். கிழிந்த வலையைத் தூக்கிக்கொண்டு காசிமேடு வரை போனால், கிடைக்கும் காசு வண்டி வாடகைக்கே சரியாகிவிடும்.

மற்றபடி, கூடி முடிவெடுப்பது இந்த ஏரி மீனவர்களுக்குப் புதிதல்ல. எந்த இடத்தில், யார், என்றைக்கு வலை போடுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' முறை இங்கே தலைமுறைகளாக இருக்கிறது. மீனைப் பங்கு போட முறை வைத்தவர்களுக்கு, குப்பையைக் கரையேற்றவும் ஒரு முறை வைக்கத் தெரியாதா என்ன? கரையில் அதை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால் போதும்.