இருக்கையும் இரத்தச் சர்க்கரையும்

மேற்கு வங்காளத்தில் சணல் ஆலை ஒன்றைச் சார்ந்த 213 பேரின் உணவையும் உடல் எடையையும் ஆராய்ந்து, ஜீன் மேயர் என்னும் உணவியல் அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் 1956-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சுமை தூக்குவோர், நெசவாளர், குமாஸ்தாக்கள், நாள் முழுவதும் கடையில் அமர்ந்திருக்கும் வியாபாரிகள் எனப் பல திறத்தாரும் அவர்களுள் இருந்தனர். வேலை கடினமாக ஆக உணவும் கூடிற்று, எடை கூடவில்லை. இதில் வியப்பில்லை. ஆனால் உட்கார்ந்தே பிழைப்போர் கடும் உழைப்பாளிகளுக்கு ஈடாக உண்டனர்; எடையும் அவர்களுக்கே மிகுதி. உழைப்பு ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் பசி அதற்கேற்பக் குறைவதில்லை என்று மேயர் கருதினார்.

இரத்தத்தில் சேரும் சர்க்கரையை ஏற்கும் முக்கிய உறுப்புக்களுள் தசை ஒன்று. அதற்கு இன்ஸுலின் துணை வேண்டும். ஆயினும் சுருங்கி விரியும் தசை அத்துணையின்றியும் சர்க்கரையை ஈர்க்க வல்லது. நாற்காலியில் அமர்ந்தவரிடம் இவ்வழி அநேகமாக அடைபட்டுக் கிடக்கிறது. ஆஸ்திரேலியாவில் எடை மிகுந்த 19 பேரைக் கொண்டு நடந்து 2012-இல் வெளியான ஒரு சோதனையில், 20 நிமிஷத்துக்கு ஒரு முறை 2 நிமிஷம் மெதுவாக நடந்ததே உணவுக்குப் பிந்திய சர்க்கரையைக் குறைத்தது. பயிற்சியின் பயன் இரண்டொரு நாளில் மங்கிவிடுமாதலால், ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் வாரம் முழுவதற்கும் போதாது.

அலுவலக நேரத்திலேயே பயிற்சி வேண்டும் என்பது இதனாலேயே. ஆயுஷ் அமைச்சகம் வகுத்த ஐந்து நிமிஷ யோகாசன இடைவேளை 2021 செப்டம்பரில் மத்திய அரசு அலுவலகங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. உடலை நிமிர்த்தவும் மனத்தை இளைப்பாற்றவும் அது ஏற்றது. அதனால் மட்டுமே நீரிழிவு தடுக்கப்படும் என எதிர்பார்ப்பது மிகை.

விருப்பமுள்ளோர் வரலாம் என அறிவித்துவிட்டு அமைவதிலும் இடருண்டு. இல்லினாய் பல்கலைக்கழக ஊழியர் ஏறத்தாழ 5,000 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து 2016-இல் தொடங்கிய சோதனையில், உடல்நலத் திட்டத்தில் பங்கெடுத்தோர் பெரும்பாலும் முன்னரே நல்ல பழக்கமுடையோராய் இருந்தனர். திட்டத்தால் நேர்ந்த மாறுதல் சொற்பமே. வருகைப் பதிவேடு நிறைந்திருந்தும் பயன் விளையாமற்போவது இவ்வாறுதான். கால அட்டவணையிலேயே பயிற்சிக்கு இடமளித்தால் வராதவரும் வருவர்.

உபாத்தியாயர்கள் நின்று பாடஞ்சொல்பவராயினும் நிற்பது நடையாகாது. ஜீப்பில் கிராமங்களைச் சுற்றும் வெளிக்கள ஊழியரும் பெரும்பொழுது அமர்ந்தே இருக்கின்றனர். இவர்களுக்கு மதிய உணவுக்குப்பின் பத்து நிமிஷ நடை எளிது. இன்ஸுலின் ஊசி போட்டுக்கொள்வோர் மட்டும், பயிற்சியால் சர்க்கரை மிகத் தாழக் கூடுமாதலால், வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும்.