வாசலில் உறங்கும் ஜாமக்காரன்



சிறுநீர்ப்பைப் புற்றுநோய் எல்லாம் ஒரே மாதிரி என்று நாம் நினைத்துவிடுகிறோம். அப்படியல்ல. கண்டுபிடிக்கப்படும்போது ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குக் கட்டி தசையை எட்டாமல் நிற்கிறது. சிறுநீர்த் துவாரத்தின் வழியே குழாய் செலுத்திச் சுரண்டி எடுத்துவிடலாம்; மறுபடி முளைத்தாலும் பெரும்பாலும் உயிரை வாங்குவதில்லை. மற்றவர்களுக்கோ அது சுவரைத் துளைத்துத் தசைக்குள் இறங்கிவிடுகிறது. பையையே அகற்ற வேண்டியதாகலாம். ஒரே இடத்தில் முளைத்தவை இப்படி இரு வழியாய்ப் போவதேன்?

விடையில் ஒரு பங்கு பி53 என்னும் புரதத்தில் இருக்கிறது. உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. ஒரு பெரிய கட்டளைப் புத்தகம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பக்கங்களும் எந்நேரமும் வாசிக்கப்படுவதில்லை. எந்தப் பக்கத்தை எப்போது படியெடுப்பது என்று தீர்மானிக்கும் புரதங்களைப் படியெடுத்தல் காரணிகள் என்கிறார்கள். 1979இல் கண்டறியப்பட்ட பி53 அவற்றில் ஒன்று. புகைப்பவரின் சிறுநீரில் இறங்கும் நஞ்சு பையில் மணிக்கணக்கில் தங்கி டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும்போது, பி53 எழும்பி, "பிரிவதை நிறுத்து, பழுதுபார்" என்ற பக்கங்களைத் திறக்கிறது. பழுது தீராதானால் அந்த உயிரணுவைத் தானே மடியச் செய்கிறது. 1992இல் டேவிட் லேன் என்ற விஞ்ஞானி இதை மரபுத் தொகுதியின் காவலன் என்று அழைத்தார்.

தசைக்குள் இறங்கிய கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் இக்காவலனின் மரபணுவே பழுதாகியிருக்கிறது. மெதுவாய் வளரும் மேலோட்டமான கட்டிகளில் இது அபூர்வம். விசித்திரம் என்னவென்றால், நல்ல பி53 சற்று நேரத்தில் சிதைந்துவிடும். பழுதானதோ பெரும்பாலும் உட்கருவில் குவிந்துகொண்டே போகும். காவல் காக்காமல் வாசலை மட்டும் அடைத்துக் கிடக்கும் ஜாமக்காரன்! சாயமேற்றினால் நுண்நோக்கியில் அடர்ந்து தெரியும்.

1994இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவர்கள், பை அகற்றப்பட்ட 243 பேரின் கட்டிகளை இவ்விதம் சோதித்தார்கள். பி53 குவிந்திருந்தவர்களுக்கு நோய் திரும்புவதும் மரணமும் அதிகமாயிருந்தன. இந்த ஒரு சோதனையைக் கொண்டே யாருக்குக் கீமோதெரபி என்று முடிவு செய்யலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. அதைப் பரீட்சித்த ஆய்வின் முடிவு 2011இல் வெளியானது, நம்பிக்கை பலிக்கவில்லை. காவலன் ஒருவன் விழுந்ததால் மட்டும் கோட்டை விழுவதில்லை போலும்.

ஆகவே கட்டி எவ்வளவு ஆழம் சென்றது என்ற பழைய கேள்வியே இன்றும் முதலில் நிற்கிறது. அந்த ஆழத்தில் நாளும் மாதமும் கணக்காகின்றன. சிறுநீர் வலியின்றி ஒருமுறை சிவந்து, மறுநாளே தெளிந்துவிடும். வலியில்லையே என்று வீட்டிலிருந்துவிடுகிறார்கள். தெளிந்த பிறகும் மருத்துவரிடம் வந்து காட்டச் சொல்லுங்கள். புகைப்பவரானால் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள்.