சுண்டு விரல் பிஸ்டன்! நிமிடத்துக்கு 33 ஆயிரம் சுற்று!!

முழ நீளக் கார். ஒரு மணி நேரப் பந்தயம். ஒரு ஊசியில் வெற்றி தோல்வி!

டுர்ர்ர்ர்...!

காதைத் துளைக்கும் சத்தம். மண் பாதையில் புழுதி பறக்கிறது. மேட்டில் ஏறிய கார் ஒன்று ஆள் உயரத்துக்கு எகிறுகிறது. தொப்பென்று தரையில் விழுகிறது. அடுத்த கணம் வளைவில் திரும்பி மறைந்து விடுகிறது.

காருக்குள் டிரைவர் இல்லை. இருக்கவும் முடியாது. காரின் நீளமே ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகம். அவ்வளவுதான்!

டிரைவர் தூரத்தில் ஒரு மேடை மீது நிற்கிறார். அவர் கையில் ஒரு ரேடியோ கருவி. அதன் விசையை விரலால் இழுத்தால் கார் பாய்கிறது. பக்கத்தில் உள்ள சக்கரத்தைத் திருப்பினால் கார் திரும்புகிறது.

"பொம்மைக் கார்தானே?" என்று நினைத்தால் ஏமாந்து போவோம். இந்தக் கார்களுக்கு உலகப் போட்டியே நடக்கிறது. முதல் உலகப் போட்டி 1977-ம் ஆண்டு அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள பொமோனாவில் நடந்தது. அது தார்ப் பாதைப் போட்டி. மண் பாதைக்கான முதல் உலகப் போட்டி 1986-ம் ஆண்டு பிரான்சு நாட்டில் கிரனோபிள் நகரில் நடந்தது. இறுதிப் பந்தயம் ஒரு மணி நேரம்!

ஒரு மணி நேரமும் அந்தக் குட்டி என்ஜின் அலறிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஒரு முறை நின்று போனால் பெரும்பாலும் பரிசு போயிற்று.

கட்டை விரல் நுனியால் மூடி விடலாம்

அந்த என்ஜினின் அளவு 3.5 சி.சி. அதன் பிஸ்டன் சுண்டு விரல் பருமன்தான் இருக்கும். சிலிண்டரின் வாயைக் கட்டை விரல் நுனியால் மூடி விடலாம்.

நம் தெருவில் ஓடும் 100 சி.சி. மோட்டார் சைக்கிள் சுமார் 8 குதிரைத் திறன் தரும். இந்தச் சின்ன என்ஜினோ 2 குதிரைத் திறனுக்கு மேல் தரும் என்கிறார்கள் அதைச் செய்கிறவர்கள். அளவில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். பலத்தில் கால் பங்கு!

எப்படி இந்தப் பலம்?

ஒன்று, சுற்றும் வேகம். மோட்டார் சைக்கிள் என்ஜின் நிமிடத்துக்கு 8 ஆயிரம் முறை சுற்றினாலே அதிகம். இது 33 ஆயிரம் முறை சுற்றும். அதாவது வினாடிக்கு 550 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே ஒரு வெடிப்பு. ஒருவர் கண் சிமிட்டி முடிப்பதற்குள் நூறு வெடிப்புக்கு மேல் நடந்து விடுகிறது.

இன்னொன்று, அது குடிக்கும் எரிபொருள்.

விளக்கெண்ணெயும் உண்டு!

இந்த என்ஜினில் பெட்ரோல் ஊற்றுவது இல்லை. மெத்தனால் என்னும் மர ஆல்கஹால், நைட்ரோமீத்தேன் என்னும் திரவம், இவற்றோடு எண்ணெய். இந்த மூன்றும் சேர்ந்த கலவையைத்தான் ஊற்றுகிறார்கள். அந்த எண்ணெய் எது தெரியுமா? நம் பாட்டிமார் வயிறு சுத்தமாகக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்! இப்போது பலவிதச் செயற்கை எண்ணெய்களும் கலக்கிறார்கள். ஆனாலும் கடும் சூட்டைத் தாங்குவதில் விளக்கெண்ணெய்க்கு உள்ள மதிப்புப் போகவில்லை. உலகத்திலேயே ஆமணக்கு அதிகமாக விளைவது இந்தியாவில்தான், அதிலும் குஜராத்தில்.

நைட்ரோமீத்தேனில்தான் சூட்சுமம் இருக்கிறது. எந்த எரிபொருளும் எரிவதற்குக் காற்று வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று தேவை. மெத்தனாலுக்கு ஆறரைக் கிலோ போதும். நைட்ரோமீத்தேனுக்கு 2 கிலோகூட வேண்டாம். காரணம், எரிவதற்கு வேண்டிய பிராண வாயுவைப் பெரும் அளவு அது தன்னிடமே வைத்திருக்கிறது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பயணம் போகிறவரைப் போல!

ஆகவே அதே அளவு காற்றில் அதிக எரிபொருளை எரிக்கலாம். பலம் கூடுகிறது.

"அப்படியானால் நைட்ரோவை அள்ளி ஊற்றினால் வேகம் வருமே?" என்று கேட்கலாம். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்யும் தவறு இது. நைட்ரோ கூடினால் என்ஜின் அதிகம் குடிக்கும். ஊசியைத் திறந்துவிட வேண்டும். சிலிண்டர் தலைக்கு அடியில் மெல்லிய தகடு வைத்து அழுத்தத்தைக் குறைக்கவும் வேண்டும். இவற்றைச் செய்யாமல் ஊற்றினால் பிளக்தான் பொசுங்கும்.

ஐரோப்பாவில் இன்னொரு தடையும் இருக்கிறது. நைட்ரோமீத்தேனை வெடிமருந்து செய்யவும் பயன்படுத்தலாம். அதனால் எடையில் 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள கலவையைச் சாதாரண மக்களுக்கு இஷ்டம்போல் விற்கக் கூடாது என்று ஐரோப்பிய யூனியன் சட்டம் போட்டது. 2021-ம் ஆண்டு பிப்ரவரி முதல் அது அமலில் இருக்கிறது.

தீப்பொறி இல்லாத பிளக்

மோட்டார் சைக்கிள் பிளக்கில் தீப்பொறி பறக்கும். இதில் பொறியே கிடையாது. பிளாட்டினம் கலந்த ஒரு சின்னக் கம்பிச் சுருள் மட்டும் இருக்கிறது. புறப்படும்போது ஒன்றரை வோல்ட் பாட்டரியை அதில் தொட்டுப் பிடித்தால் கம்பி பழுக்கிறது. என்ஜின் ஓடத் தொடங்கியதும் பாட்டரியை எடுத்து விடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மீது பட்டதும் கம்பி தானாகவே கனன்றுகொண்டிருக்கும்.

இந்தப் பிளக்கை 1947-ம் ஆண்டு அமெரிக்காவில் ரே ஆர்டன் என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் சிறு விமானங்களில் காயில், கண்டென்சர், பாட்டரி எல்லாவற்றையும் சுமக்க வேண்டியிருந்தது. ஜப்பானில் ஓசாகா நகரில் ஷிகேயோ ஓகாவா என்பவர் 1936-ம் ஆண்டிலேயே சின்ன என்ஜின் செய்யும் தொழிலைத் தொடங்கி விட்டார். ஓ.எஸ். என்ற பெயரைப் பந்தயக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அவருடைய பெயரின் முதல் எழுத்துகள்தான் அவை.

புது என்ஜினுக்குப் பத்தியம்

புது என்ஜினைக் கையால் சுற்றினால் மேலே போகும்போது பிஸ்டன் இறுகி நிற்கும். "கெட்டுப்போன சரக்கு" என்று சிலர் கடைக்கே திருப்பி எடுத்துப் போவது உண்டு. அது குற்றம் அல்ல. பித்தளைச் சிலிண்டரை மேல் பக்கம் வேண்டுமென்றே சற்றுக் குறுகலாகக் கடைந்திருக்கிறார்கள். சூடேறினால் பித்தளை விரிந்து கொடுக்கும். அப்போது பிஸ்டன் சரியாகப் பொருந்தும்.

ஆகவே குளிர்ந்த புது என்ஜினை இழுத்துக் கிளப்பினால் தேய்ந்து போகும். அனுபவசாலிகள் தலைமுடி உலர்த்தும் கருவியால் முதலில் என்ஜினைச் சூடேற்றுகிறார்கள். பிறகு எரிபொருளைத் தாராளமாக விட்டு மெதுவாக ஓட்டுகிறார்கள். நிறுத்துகிறார்கள். ஆற விடுகிறார்கள். ஆறும்போது பிஸ்டனைக் கீழே இறக்கி வைக்க வேண்டும். மேலே இருந்தால் சுருங்கும் சிலிண்டர் அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். இப்படிப் பல டாங்கு எரிபொருள் தீர்ந்த பிறகுதான் முழு வேகம். இந்தப் பொறுமை இல்லாதவர்கள் பல நூறு டாலர் கொடுத்து வாங்கிய என்ஜினை ஒரே மாலையில் பாழாக்கி விடுகிறார்கள்.

தோசைக்கல் சோதனை

கார்புரேட்டரில் இரண்டு ஊசித் திருகுகள் உண்டு. ஒன்று வேகமாக ஓடும்போது செல்லும் எரிபொருளை அளக்கிறது. மற்றது மெதுவாக ஓடும்போது அளக்கிறது. வலப்பக்கம் திருகினால் எரிபொருள் குறையும். இடப்பக்கம் திருகினால் கூடும்.

குறைக்கக் குறைக்க என்ஜினின் சத்தம் கூர்மையாகும். கார் அம்புபோல் பாயும். ஓட்டுகிறவருக்கு ஆசை விடாது. "இன்னும் கொஞ்சம்" என்று திருப்புளியை எடுப்பார். அங்கேதான் ஆபத்து! இந்த என்ஜினுக்குத் தனியாக எண்ணெய் விடுவது கிடையாது. எரிபொருளோடு வரும் எண்ணெய்தான் பிஸ்டனைக் காப்பாற்றுகிறது. எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும். என்ஜின் மிக நன்றாக ஓடுவதுபோல் தோன்றும் நேரமும், அது கருகப் போகும் நேரமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் புகையைப் பார்க்க வேண்டும். கார் பாயும்போது மெல்லிய புகை வால்போல் வர வேண்டும். புகையே இல்லை என்றால் உடனே ஊசியைத் திறக்க வேண்டும். இரண்டாவது, சூடு. பெரும்பாலான என்ஜின்களின் தலை 100 டிகிரி முதல் 120 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக இருந்தால் சரி. அளக்கக் கருவி இல்லாவிட்டால் என்ன? தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது போல ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். தண்ணீர் பேசாமல் நின்றால் சூடு போதாது. சில வினாடி கொதித்து மறைந்தால் சரி. பட்டதும் தெறித்து மறைந்தால் அபாயம்.

ஊசியை ஒரே அடியாகத் திருகக் கூடாது. கடிகார முள் ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்கு நகரும் அளவுக்குத் திருப்பி, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, பிறகுதான் அடுத்த திருகல்.

"வேகம் குறையுமே அப்பா!"

மேடையில் மகன் நிற்பான். கீழே எரிபொருள் ஊற்றத் தகப்பனார் நிற்பார். பந்தயக் களங்களில் இந்தக் காட்சி சகஜம். சண்டையும் சகஜம்!

நடுப்பகல் ஓட்டத்தில் என்ஜின் பிரமாதமாக ஓடியிருக்கும். இறுதிப் பந்தயமோ பொழுது சாயும் நேரத்தில். காற்று குளிரத் தொடங்கி விடும்.

"ஊசியை ஒரு மணி திறந்துவிடலாம்" என்பார் தகப்பனார்.

"வேகம் குறையுமே அப்பா! மத்தியானம் நன்றாகத்தானே ஓடியது?" என்பான் மகன்.

தகப்பனார் சொல்வதே சரி. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதே சிலிண்டருக்குள் அதிகக் காற்று போகிறது. எரிபொருளையும் அதற்குத் தக்கபடி கூட்ட வேண்டும். பகலில் சரியாக இருந்த ஊசி, இரவில் பட்டினி போட்ட ஊசியாகி விடும். வெயிலும் புழுக்கமும் கூடினால் இதற்கு நேர்மாறு. மலை ஊரிலும் அப்படியே. காற்று மெலிந்திருப்பதால் எரிபொருளைக் குறைக்க வேண்டும்.

மகன் பிடிவாதம் பிடித்தால் நடப்பது இதுதான். முதல் அரை மணி அவன் கார் முன்னால் போகும். சூடு ஏறிக்கொண்டே இருக்கும். ஐம்பதாவது நிமிடம், தூரத்து வளைவில் திடீரென்று சத்தம் அடங்கும். பாதையோரத்தில் நிற்கும் ஆள் காரைத் தூக்கி வர வேண்டும். பிளக்கை மாற்றி மறுபடி கிளப்புவதற்குள் மற்ற கார்கள் ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ போயிருக்கும்.

வேகம் மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. காரின் டாங்கு 125 சி.சி. மட்டுமே. ஒரு சின்ன டம்ளர் காப்பி! ஒரு டாங்கு 8 நிமிடம் வந்தால் ஒரு மணி நேரத்தில் 7 தடவை நிறுத்தி ஊற்ற வேண்டும். 9 நிமிடம் வந்தால் 6 தடவை. 10 நிமிடம் வந்தால் 5 தடவை போதும். அதனால்தான் கெட்டிக்காரர்கள் கார்புரேட்டரின் வாயில் சிறு வளையம் போட்டுக் குறுக்குகிறார்கள். பலம் கொஞ்சம் குறைகிறது. நிறுத்தம் குறைகிறது. சில வினாடிகளில் வெற்றி நிர்ணயமாகும் பந்தயத்தில் இது பெரிய லாபம்.

புகைக்குழாயும் வெறும் புகை போக்கி அல்ல. அதன் நடுப்பகுதி பருத்து, பிறகு குறுகும். வெளியே போகும் புகையின் அலை குறுகிய பக்கத்தில் மோதித் திரும்பி வருகிறது. நழுவப் பார்த்த புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளி விடுகிறது. குழாய் நீண்டால் புறப்படும் இழுவை நன்றாயிருக்கும். குட்டையானால் உச்ச வேகம் கூடும். இதில் கை வைப்பதற்கு முன்னால் காற்று வடிகட்டியைக் கவனிப்பது நல்லது. எண்ணெய் தடவிய நுரைப் பஞ்சில் ஒரு சின்னக் கிழிசல் இருந்தாலும், உள்ளே போகும் மண் சில நிமிடங்களில் என்ஜினைத் தின்றுவிடும்.

சர்பத் அல்ல, விஷம்!

இந்த எரிபொருளுக்குப் பெரும்பாலும் சிவப்பு, நீலம் என்று வர்ணம் சேர்த்திருப்பார்கள். பார்த்தால் சர்பத் போல இருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைக் கண்ட இடத்தில் வைக்கக் கூடாது. பூட்டி வைக்க வேண்டும். 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அந்தச் சாராயத்தில் கலந்திருந்ததும் இதே மெத்தனால்தான். உயிர் பிழைத்தாலும் கண் போய்விடலாம். தோல் வழியாகவும் உடம்பில் ஏறும்.

அது தீப்பற்றினால் பகல் வெளிச்சத்தில் ஜுவாலை சரியாகத் தெரியாது. என்ஜினை வீட்டுக்குள் ஓட்டவும் கூடாது. புகை உயிருக்கு ஆபத்து.

இப்போது பாட்டரியில் ஓடும் கார்கள் பெருகி விட்டன. சத்தம் இல்லை, ஊசி இல்லை, வேகத்திலும் குறைவு இல்லை. ஆனாலும் புகைக்கும் இரைச்சலுக்கும் பழகியவர்கள் நைட்ரோவை விடவில்லை.

பந்தயம் முடிந்ததும் அவர்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கும். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். என்ஜினுக்குள் மிச்சம் தங்கினால் பேரிங்குகள் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கத் தொடங்கும். ஆகவே டாங்கைக் காலி செய்து, மிச்சம் உள்ளதையும் ஓட்டித் தீர்த்து, கார்புரேட்டரிலும் பிளக் துளையிலும் சில சொட்டு எண்ணெய் விடுகிறார்கள். கையால் நாலு சுற்றுச் சுற்றி, பிஸ்டனைக் கீழே இறக்கி, துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள்.