பிசினுள் உறையும் மரம்

மரம் பிசினைச் சுரக்கின்றது. சுரந்த பிசின் நெடுங்காலத்தில் இறுகிக் கல்லைப்போல ஆகின்றது. ஏறக்குறைய 4 கோடி ஆண்டுகளுக்கு முன் மரங்களிலிருந்து வடிந்த பிசின், பால்டிக் கடற்கரையிலே ஆம்பர் என்னும் பொன்னிறக் கட்டிகளாக இன்றும் கிடைக்கின்றது. அக்கட்டிகளுட் சிலவற்றில் அக்காலத்துச் சிறு பூச்சிகள் சிறகும் கலையாமற் கிடப்பதைக் காணலாம். இயற்கை பூச்சிக்குச் செய்த அதனையே இக்காலத்துக் கைவினைஞன் மரத்துக்குச் செய்கின்றான். செயற்கைப் பிசினை வார்த்து, அதனுள்ளே மரத்துண்டை உறையச் செய்து, அக்கட்டியைக் கடைந்து, எழுதும் பேனாவாக ஆக்குகின்றான். உலகின் பல பாகங்களிலும் பரவிவரும் இக்கைவேலை எவ்வாறு நடைபெறுகின்றது, அதன் வெற்றியும் தோல்வியும் எதனைப் பொறுத்துள்ளன என்பவை அறியத்தக்கவை.

புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டித் தீபகற்பத்திலே, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக அமைந்த மாம்புரி போன்ற ஊரவர்களுக்குச் செயற்கைப் பிசின் புதிய பொருளன்று. ‘ரெசின்’ என்ற பெயரால் அதனை அவர்கள் நன்கு அறிவர். முன்னாளில் மரக்கலங்களின் பொருத்துக்களிலே குங்கிலியத்தையும் எண்ணெயையும் கலந்து பூசினர். இன்று கரையில் நிற்கும் பைபர் வள்ளங்களோ கண்ணாடி நாரும் ரெசினும் சேர்ந்து உருவானவை. 1967 ஆம் ஆண்டில் நோர்வே நாட்டவரின் உதவியோடு தொடங்கிய சீநோர் நிறுவனம், காரைநகரிலே இத்தகைய படகுகளைக் கட்டும் தொழிலை வளர்த்தது. மாம்புரியின் வானிலே சுழலும் காற்றாலைகளும் இப்பொருளுக்குக் கடமைப்பட்டவையே. அங்கு 2010 ஆம் ஆண்டில் முதற்கட்டமாக 10 மெகாவாற்று மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. இக்காலக் காற்றாலைகளின் நீண்ட அலகுகள் கண்ணாடி நாராலும் பிசினாலும் ஆனவை. அவற்றுட் பலவற்றின் உள்ளீடாகப் பல்சா என்னும் இலேசான மரத்தை வைத்து வார்ப்பதும் வழக்கம். ஆகவே மரமும் பிசினும் சேர்ந்து நிற்கும் திறத்தைக் கண்டறிய நெடுந்தூரம் போகவேண்டியதில்லை.

பேனாவைக் கையாற் கடையும் தொழிலும் நம் அயலிலே வேரூன்றியதுதான். ஆந்திர நாட்டு இராஜமந்திரியிலே கே. வி. இரத்தினம் என்பவர் எபொனைற்று எனப்படும் வன்றப்பரைக் கடைந்து பேனாக்கள் செய்தார். சுதேசிப் பொருளாக அமைந்த அப்பேனாவைப் பெற்ற காந்தியடிகள் 1935 ஆம் ஆண்டில் அவரைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். தமிழ்நாட்டுத் திருவள்ளூரிலும் எபொனைற்றுப் பேனாக்களைக் கைக்கடைசலிற் செய்யும் குடும்பத் தொழில் நிலைத்து வந்திருக்கின்றது. எபொனைற்று ஒரே சீரான பொருள். தண்டின் எப்பகுதியை வெட்டினும் ஒரே தன்மை உடையது. மரமும் பிசினும் கலந்த கட்டி அவ்வாறன்று. இரு வேறு இயல்புடைய பொருள்கள் ஒரு விரலளவு கனத்துள் சேர்ந்து வாழவேண்டும். தொழிலின் அருமை முழுவதும் இங்கேதான் உள்ளது.

பிசின் இறுகிய பின்னர் காற்றின் ஈரத்துக்கு ஏற்பப் பெரிதும் மாறுவதில்லை. மரமோ உயிர் நீங்கிய பின்னும் நீரை உண்டு உமிழ்ந்துகொண்டே இருக்கும். மாரிக்காலத்தில் அதன் நார்கள் குறுக்கே பருக்கும், கோடையிற் சுருங்கும். ஒன்று அசைய மற்றொன்று அசையாது நின்றால், இரண்டும் கூடும் இடத்திலே மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றும். வாங்கிய நாளிற் கண்ணாடிபோல் விளங்கிய பேனா, சில மாதங்களிற் பிளவுபட்டுப் போவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. ஆதலால் இத்தொழிலின் முதல் வேலை வார்ப்பது அன்று, உலர்த்துவதே.

கடற்கரை ஊர்களில் இதனை இன்னும் கருத்தாகச் செய்தல் வேண்டும். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 முதல் 80 வரை உள்ள இடத்தில், நிழலிலே பல மாதம் கிடந்த மரமும் தன் உலர்ந்த நிறையில் நூற்றுக்கு ஏறக்குறைய 14 முதல் 16 பங்கு நீரைத் தன்னகத்தே வைத்திருக்கும். கைக்கு அது உலர்ந்ததாகவே தோன்றும். தராசு ஒன்றே உண்மையைக் கூறும். 60 கிராம் நிறையுள்ள துண்டொன்றை 105 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள அடுப்பிலே ஒரு பகலும் ஓர் இரவும் வைத்து, இடையிடையே நிறுத்துப் பார்த்தல் வேண்டும். நிறை மேலும் குறையாமல் 52 கிராமில் நின்றுவிட்டதெனின், வெளியேறிய நீர் 8 கிராம். அதனை 52 ஆல் வகுத்தால் நூற்றுக்கு 15 பங்குக்குச் சற்று மேற்பட்ட ஈரம் அதில் இருந்தது என்பது தெளிவாகும். உலர்ந்த துண்டை வெளியே ஆறவிடலாகாது. காற்றின் ஈரத்தை அது மீண்டும் பருகத் தொடங்கும். காற்றுப் புகாத பையில் இட்டே ஆறவிடுவர்.

கடலில் மிதந்து கரை ஒதுங்கிய மரமும், பழைய வள்ளத்துப் பலகையும் காட்சிக்கு அழகியவை. ஆனால் அவற்றின் துளைகளில் உப்புப் படிந்திருக்கும். உப்பு ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. ஆகவே அவற்றை நன்னீரிற் பலநாள் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பைக் கழுவிய பின்னரே உலர்த்தல் தகும்.

மென்மையான மரத்துக்கு உலர்த்தல் மட்டும் போதாது. உளுத்த மாமரம், தென்னையின் நடுப்பகுதி முதலியன கடைசல் உளி பட்டதும் நார்நாராகப் பெயரும். இவற்றை உறுதியாக்க ஒரு முறை உண்டு. வெப்பம் படும்வரை இறுகாத, நீர்போன்ற ஒருவகைப் பிசினிலே துண்டை அமிழ்த்தி, மூடிய கலத்திலிட்டு, பம்பியினாற் காற்றை வெளியேற்றுவர். மரத்துளைகளில் அடைபட்ட காற்றுக் குமிழிகளாக மேலெழும். குமிழி எழுவது நின்ற பின் கலத்தினுட் காற்றை மீண்டும் விடுவர். பலர் எண்ணுவதுபோல வெற்றிடம் பிசினை மரத்தினுள் இழுப்பதில்லை. வெற்றிடம் மரத்துளைகளை வெறுமையாக்குகின்றது. திரும்பிவரும் வளிமண்டல அமுக்கமே பிசினை உள்ளே தள்ளுகின்றது. ஆதலாற் காற்றை விட்ட பின்னரும் துண்டு பல மணி நேரம் பிசினுள் ஊறவேண்டும். பின்னர் ஏறக்குறைய 90 பாகை வெப்பத்தில் அதனை இறுகச் செய்வர். கருங்காலி, பாலை போன்ற வன்மரங்கள் பிசினை அதிகம் ஏற்பதில்லை. அவற்றுக்கு இம்முறை பெரும்பாலும் வேண்டுவதுமில்லை.

இனி வார்க்கும் பிசினைத் தெரிதல். வள்ளத்துக்குப் பூசும் பொலியெஸ்தர் எளிதிற் கிடைக்கும். ஆயின் பேனாவுக்கு அது ஏற்றதன்று. அதன் நிறம் தெளிவற்றது. காற்றுப் படும் மேற்பரப்பு ஒட்டும் தன்மை நீங்காமல் இருக்கும். இறுகும்போது கூடுதலாகச் சுருங்கி மரத்தைவிட்டு விலகும். எப்பொட்சிப் பிசின் மரத்தை நன்கு பற்றும். சுவிற்சர்லாந்தின் பியர் காஸ்தான், அமெரிக்காவின் சில்வன் கிரீன்லீ என்போரின் ஆராய்ச்சியால் 1930 களிலும் 1940 களிலும் உருவானது அது. மெதுவாக இறுகுவதாற் குமிழிகள் வெளியேற நேரமுண்டு. ஆனால் ஒரே தடவையிற் கனமாக வார்த்தால் தன் வெப்பத்தினாலேயே கொதித்து மஞ்சளிக்கும். மூன்றாவது பொலியூரத்தேன். ஒட்டோ பேயரும் அவருடைய துணைவர்களும் 1937 ஆம் ஆண்டில் ஜேர்மனியிற் கண்ட இரசாயன முறையின் வழிவந்தது. சில நிமிடங்களில் இறுகும். உளிக்கு இசைந்து கொடுக்கும். ஆயினும் ஈரம் அதன் பகை. நீர் பட்டவுடன் காபனீரொட்சைட்டு வாயு உண்டாகிப் பிசின் நுரைத்துவிடும். மரத்தில் எஞ்சிய ஈரம் சிறிதாயினும், இறுகிய கட்டியில் வெண்ணுரைக் கோடாக அது தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும்.

வார்க்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. பெரும்பாலான மரங்கள் பிசினைவிட இலேசானவை. கட்டி வைக்காவிடின் மிதந்து மேலே வந்துவிடும். ஆகவே அச்சின் அடியிலே சிறிது பசையிட்டு மரத்தை முதலில் நிலைப்படுத்துவர். அடுத்தது குமிழி. விரைவில் இறுகும் பிசினிற் குமிழி தானாக வெளியேற நேரமில்லை. அதனால் அச்சை அமுக்கக் கலத்தில் வைத்து, சதுர அங்குலத்துக்கு 40 முதல் 60 இறாத்தல் வரையான அமுக்கத்திற் பிசின் இறுகும்வரை விடுவர். அமுக்கம் குமிழியை அகற்றுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அதனை நசுக்குகின்றது. இத்தகைய அமுக்கத்தைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட கலத்தையன்றி, சமையற் பாத்திரத்தையோ வேறெந்த மாற்றுக் கலத்தையோ பயன்படுத்துவது உயிருக்கே ஆபத்தாகும்.

இறுகிய கட்டியை முக்கால் அங்குலச் சதுரமும் ஐந்து அங்குல நீளமுமான துண்டுகளாக அறுத்து, நடுவே துளையிடுவர். துளைக்கும்போது தமரூசியை அடிக்கடி வெளியே எடுத்துத் தூளை நீக்கி ஆறவிட வேண்டும். சூடேறினாற் கட்டி வெடிக்கும். துளையினுள் பித்தளைக் குழாயை ஒட்டுவது வழக்கம். சாதாரண மரப்பேனாவில் அக்குழாய் எவர் கண்ணுக்கும் தெரியாது. தெளிந்த பிசினிலோ குழாயும், அதன்மேற் படிந்த பசையின் திட்டுக்களும் அப்படியே தெரியும். எனவே துளையின் உட்புறத்துக்கும் குழாயின் வெளிப்புறத்துக்கும் முன்னரே நிறம் தீட்டிவிடுவர். பின்னர் கூரிய உளியால் மெல்லக் கடைந்து, வரவரச் சன்னமான உப்புத்தாளினால் தேய்த்து மெருகிடுவர். ஒரு தாளின் கீறலை அடுத்த தாள் முற்றாக நீக்கிய பின்னரே மேற்செல்லல் வேண்டும். அவசரத்தில் விட்ட ஒரு கீறல் மெருகிட்ட பின்னரே கண்ணிற் படும். அப்பொழுது தொடக்கத்துக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

செய்பவரின் உடல்நலம் பேனாவின் அழகினும் பெரிது. எப்பொட்சி தோலிற் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். ஒருமுறை உண்டாயின் வாழ்நாள் முழுதும் தொடரலாம். பொலியூரத்தேனின் ஆவி ஆஸ்துமாவை விளைவிக்க வல்லது. கடைசலில் எழும் நுண்டூள் சுவாசப்பைக்குத் தீங்கானது. முகத்திற் கட்டிய சேலைத் துண்டு ஆவியைத் தடுக்காது. அதற்குரிய வடிகட்டி கொண்ட முகக்கவசமே வேண்டும். பொலியெஸ்தரைக் கையாள்வோர் ஊக்கியையும் கோபாற்று விரைவாக்கியையும் ஒருபோதும் நேராக ஒன்றோடொன்று கலக்கலாகாது, கலந்தால் வெடிக்கும். ஒன்றைப் பிசினில் நன்கு கலந்த பின்னரே மற்றதைச் சேர்த்தல் வேண்டும். கழிவுத் தூளும் எஞ்சிய பிசினும் மக்கிப் போவதில்லை. காற்றுள்ள கரையில் அவற்றைக் கொட்டுவது களப்புக்கும் மீனுக்கும் கேடு.

மரத்தைத் தேடுவதிலும் நெறியுண்டு. களப்போரத்துக் கண்டல் மரங்கள் மீனினத்தின் தொட்டில். அவை இலங்கையிற் பாதுகாக்கப்பட்டவை. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிப்பதற்கு 1951 ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். பேனாவுக்காக எம்மரத்தையும் வீழ்த்த வேண்டிய தேவையே இல்லை. தச்சுக் கூடத்தில் விறகாகப் போகும் முதிரைத் துண்டு, முறிந்து விழுந்த பூவரசங் கிளையின் கணு, காய்ப்பு ஓய்ந்து தறிக்கப்பட்ட தென்னையின் அடித்துண்டு ஆகியவையே போதும். வெளிறிய தென்னை மரத்தில் கருஞ்செந்நிற நார்க்கற்றைகள் குறுக்கு வெட்டிற் புள்ளிகளாகவும் நெடுக்கு வெட்டிற் கோடுகளாகவும் தோன்றும். உடைந்து விளிம்பு கோணிய துண்டே தச்சனுக்கு ஆகாதது. பிசினில் உறையும்போது அக்கோணலே கரையும் அலையும் போன்ற காட்சியைத் தருகின்றது.

இத்தொழிலைத் தொடங்க விரும்பும் இளைஞர் பலர் முதலில் வண்ணப் பொடிகளையும் பளபளக்கும் பிசின் வகைகளையும் தேடுவர். அவர்கள் முதலில் வாங்க வேண்டியது கிராம் கணக்கில் நிறுக்கும் தராசு. அடுத்தது நல்ல முகக்கவசம். குங்கிலியம் பூசிய பழங்காலத்துப் பொருத்தின் குறையை அக்குங்கிலியமே மறைத்தது. தெளிந்த பிசினோ எதனையும் மறைப்பதில்லை. ஈரம், குமிழி, தூசு, கீறல் ஆகிய அனைத்தையும் உள்ளவாறே காட்டும். மரத்தை நிறுத்துப் பார்த்து, நிறை குறைவது நிற்கும்வரை காத்திருந்தவருடைய பொறுமையையும் அவ்வாறே காட்டும். அப்பேனாவை வாங்குபவர் கொடுக்கும் விலை அப்பொறுமைக்கு உரியதாகும்.